மண் வாங்காத இன்னாசி

குருசுவிளையில் எதுவும் அழுகாமல் போன வருடத்தில் அதை முதலில் கண்டுகொண்டவை ஈக்கள்தான். ஒரு நாள் காலையில் அவை மீன் விற்கிற மேடையிலிருந்தும் மாட்டுத் தொழுவங்களிலிருந்தும் வாழைத்தோப்புகளில் மட்டை வெட்டிப் போட்ட குவியல்களிலிருந்தும் ஒன்றாக எழும்பி, பந்தியில் இடம் கிடைக்காத விருந்தாளிகளைப் போல முணுமுணுத்தபடியே ஆற்றைத் தாண்டிப் போயின, திரும்பி வரவில்லை. ஈ போனதற்காக யாரும் வருத்தப்படுவதில்லை என்பதால் ஊரும் வருத்தப்படவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. கூடையில் வந்த சாளை மீன் விற்காமல் கிடந்தாலும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் கண் மங்காமல் இருந்தது. பனையேறிகள் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவதை விட்டார்கள், பதநீர் எத்தனை நேரம் வைத்தாலும் புளிக்கவில்லை. மாதா சொரூபத்துக்குப் போட்ட மல்லிகைச் சரம் அடுத்த ஞாயிறும் அன்று பறித்தது போலவே இருந்ததால் அதன்மேல் அடுத்த சரத்தைப் போட்டார்கள், அதன்மேல் அடுத்ததை, தவக்காலம் வருவதற்குள் மாதாவின் முகம் பூவுக்குள் போய்விட்டது, கும்பிடுகிறவர்கள் முகம் இருக்கக்கூடிய திசையை உத்தேசித்துக் கும்பிட்டார்கள்.

வாழைத்தார் வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம். பழுத்த தார் பழுத்த பதத்திலேயே நின்றது, கறுக்கவில்லை, காம்பு கழலவில்லை, எவ்வளவு தூரத்துச் சந்தைக்கும் அவசரமில்லாமல் ஏற்றி அனுப்பினார்கள், லாரிக்காரர்கள் வழியில் உறவினர் வீடுகளில் தங்கி விருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பெண்களுக்குத்தான் சங்கடம். ஆட்டி வைத்த இட்லி மாவு வைத்த இடத்திலேயே வைத்த அளவிலேயே விடிந்தும் கிடந்தது. பால் உறையவில்லை. உறைமோர் கெட்டுவிட்டது போல என்று நினைத்து, ஆளுக்கொரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்களில் கட்டிக்கொடுத்த மகள்கள் வீட்டுக்கும் நாத்தனார் வீட்டுக்கும் போய், ஒரு கரண்டி உறைமோர் கேட்டார்கள். உறைமோரை இல்லை என்று சொல்லும் வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. வந்தவர்களின் கிண்ணத்தையே தங்கள் மோர்ப்பானைக்குள் விட்டு முகந்து கொடுத்தார்கள். கிண்ணம் போன வீடுகளிலெல்லாம் மறுநாள் பால் உறையவில்லை. அந்த வீட்டுக்காரிகள் கிண்ணத்தோடு அடுத்த ஊருக்குப் போனார்கள். இப்படியே ஆற்றின் இந்தக் கரை முழுக்கப் புளிப்பு என்ற ஒன்று நாக்கைவிட்டுப் போயிற்று. கொஞ்ச நாள் புலம்பிவிட்டு, புளியையும் எலுமிச்சையையும் வைத்துச் சமாளிக்கப் பழகிக்கொண்டார்கள். தயிர் கேட்டு அழுத பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தார்கள். எருக்குழியில் கொட்டிய சாணி சாணியாகவே கிடந்தது, இலைச் சருகு வாசல்களில் முழங்கால் உயரத்துக்கு நின்றது, அதையும் பெருக்கி எல்லையில் மலைபோலக் குவித்துவிட்டு, ஊர் சுத்தமாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

சிவசைலத்துக்கு இதெல்லாம் ஏன் என்று தெரியும். வாழையின் வாடல் நோய்க்காக ஒரு கம்பெனி ஆய்வுக்கூடத்தில் மாற்றிச் செய்த நுண்ணுயிர் ஒன்றை, வெளியே மண்ணில் விடலாமா கூடாதா என்று ஆராய்ந்து சொன்ன ஆபத்து மதிப்பீட்டுக் குழுவில் அவர் இருந்தார். விடலாம் என்று சொன்ன அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருப்பது அவர் கையெழுத்து. சோதனைத் தோட்டம் குருசுவிளையில் இருந்தது. அந்த நுண்ணுயிர் காற்றில் போகுமா, தண்ணீரில் போகுமா, பூச்சி தூக்கிப் போகுமா, பறவை தூக்கிப் போகுமா என்று எல்லா வழிகளையும் அவர் யோசித்திருந்தார். கிண்ணத்தை யோசிக்கவில்லை. எந்தெந்த உயிர் சாகும் என்று கேட்டுக் கேட்டுச் சோதித்தார்கள், எதுவும் சாகவில்லை. செத்தது ஒழுங்காக மக்குமா என்று யாரும் கேட்கவில்லை, அப்படி ஒரு கேள்வி அந்த வேலையில் வழக்கமே இல்லை.

யாருமே கேட்கவில்லை என்று அவர் தன்னிடம் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் அது முழு உண்மை இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஏனென்றால் சோதனைத் தோட்டத்தைப் பார்க்கப் போன அன்று, போன அறுவடையில் வெட்டிச் சாய்த்த வாழைத்தண்டுகள் வரப்போரம் கிடந்ததை அவர் பார்த்தார். மழையும் வெயிலும் எத்தனையோ வாரம் அடித்த பிறகும் வெட்டுவாய் சற்றுமுன் வெட்டியதைப் போல ஈரமாக, வெள்ளையாக இருந்தது. செருப்பு நுனியால் ஒன்றைப் புரட்டினார். அடியில் கறுப்பில்லை, பூச்சியில்லை, வாடையில்லை. மனதுக்குள் ஏதோ வாய் திறந்தது. அப்போது ஜீப்பிலிருந்து ஹாரன் அடித்தார்கள், சாப்பாடு ஆறிப்போகும் என்றார்கள். அவர் போய் ஏறிக்கொண்டார். சோம்பலா அது? அல்லது, இன்னொரு கேள்வி கேட்டால் இந்த மனிதருக்கு எதைக் கண்டாலும் சந்தேகம் என்று குழுவில் சிரிப்பார்களே என்ற கூச்சமா? ஐம்பத்து நான்கு வயதில் ஒரு மனிதன் சிரிப்புக்குப் பயந்தா ஒரு ஊரை விட்டுக்கொடுப்பான்? இந்தக் கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியும், அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் முறை அவர் குருசுவிளைக்கு வந்ததற்குக் காரணம் இன்னாசி. வாழைத்தார் ஏற்றி இறக்கும் வேலையில் இருந்த இன்னாசி, போன மழைக்காலத்துக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்து, கல்லறைத் தோட்டத்தில் குடும்பக் குழியில் அடக்கமானவர். அவருடைய அண்ணன் செத்தபோது, இடம் குறைந்த அந்தத் தோட்டத்தின் வழக்கப்படி அதே குழியைத் திறந்தார்கள். திறந்தவர் கபிரியேல், ஊரில் குழி வெட்டுகிறவர். சிவசைலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவரைக் கூட்டிப்போக வந்து நின்றவரும் அவர்தான்.

"எத்தனையோ குழி திறந்திருக்கேன் சார்," என்றார் கபிரியேல், நடந்துகொண்டே. "பழைய எலும்பைப் பொறுக்கி மூலையில வச்சிட்டு, புதுசா வாறவுகளுக்கு இடம் பண்ணணும், அதுதான என் சோலி. அன்னைக்கி பெட்டி மூடியத் தூக்குனா, இன்னாசி படுத்திருக்கான். சவரம் பண்ணின தாடை. தேச்ச சட்டை. என்ன மாமா, எந்திரிக்கணுமான்னு கேப்பான் போல இருக்கு."

"பயமா இல்லையா?"

"உசுரோட இருந்தப்பதான் சார் அவனுக்குப் பயப்படணும்."

அழியாத உடல் புனிதரின் உடல் என்பது அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த செய்தி. கபிரியேல் மூடியைத் தூக்கிய சிறிது நேரத்தில், சாமியார் இல்லாத நாட்களில் கோவிலில் செபம் நடத்துகிற உபதேசியார் வந்து பார்த்து மண்டியிட்டார், கோவில் மணி அடித்தார்கள், அண்ணனை வேறு குழியில் அவசரமாக அடக்கம் செய்துவிட்டு இன்னாசியைக் கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். யாருக்கும் அதில் அதிர்ச்சி இருக்கவில்லை. பக்கத்து ஊருக்கெல்லாம் ஏதாவது ஒரு பெருமை இருக்கிறது, நமக்கும் ஒன்று வரவேண்டிய நாளில் வந்திருக்கிறது என்பது போல ஏற்றுக்கொண்டார்கள். தோப்பில் புதைத்திருந்த ஆட்டுக்குட்டி ஒன்றும் அப்படியே இருப்பதை நாய் தோண்டிக் காட்டியபோது, ஆட்டுக்கு ஆன்மா இல்லை, ஆகவே அது கடவுள் செய்யும் புதுமை அல்ல என்று தீர்த்தார்கள்.

"நான் உபதேசியார்ட்ட சொல்லாம வேற ரெண்டு மூணு குழியவும் தோண்டிப் பாத்துட்டேன்," என்றார் கபிரியேல், குரலைத் தாழ்த்தி. "போன வருசம் போனவன் ஒருத்தன் பாக்கியில்ல. எல்லாரும் போட்டது போட்டபடி இருக்காவ. நம்ம ஊர்ல பாவிகளே கிடையாது சார்."

"அவர்கிட்ட அப்புறமாவது சொன்னீங்களா?"

"சொன்னேன். முதல்ல தெரிஞ்சவன்தான் புனிதன், மத்தவுக அவன் தயவுல இருக்காவன்னு சொல்லிட்டாரு."

மாதம் ஒருமுறை வந்து பூசை வைக்கும் பங்குச் சாமியார் மட்டும் தயங்கினார். அவர் மேலிடத்துக்கு எழுதினார், மேலிடம் அறிவியல் தெரிந்த ஒருவர் கருத்துச் சொல்லட்டும் என்றது. வாழை மருந்தை மற்ற மாவட்டங்களுக்கும் கொடுக்கலாமா என்று பார்க்கச் சிவசைலத்தை அவருடைய குழு அதே சமயத்தில் பக்கத்து டவுனுக்கு அனுப்பியிருந்ததால், ஊர் அவரையே பிடித்துக்கொண்டது.

கோவிலின் பக்கவாட்டு அறையில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் இன்னாசி கிடந்தார். வரிசை வாசல் தாண்டி நின்றது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் குனிந்து அவருடைய வலது கையில் உதடு பதித்து முத்தி செய்துவிட்டு, பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கையையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவள் கை மணிக்கட்டில் ஒருமுறை ஒடிந்து கோணலாகப் பொருந்திய கை. இன்னாசியின் மனைவி அமலோற்பவம். தொடுகிறவர்களை அவள் பார்க்கவில்லை, தடுக்கவும் இல்லை.

உபதேசியார் லாரன்ஸ் மெலிந்த, மிருதுவாகப் பேசுகிற மனிதர். வரிசையில் நெருக்காமல் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சிவசைலத்தைக் கண்டதும் கைகூப்பினார். "சார் ஒரு வார்த்தை சொல்லிட்டா எங்களுக்கு நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை செபம் முடிஞ்சதும் பேசுங்க. கண்ணாடிப் பேழைக்குச் சொல்லியாச்சு."

மத்தியானம் கோவிலுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் அமலோற்பவம் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். சிவசைலம் அந்தப் பக்கமாக வந்தபோது தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"நீங்கதான அந்த வாழை மருந்து கமிட்டி சார்?"

"ஆமாம்மா."

"அந்த மருந்தாலதான் எதுவும் அழுகலன்னு கபிரியேல் அண்ணன் சொல்லுதாவ. நெசமா?"

 "நெசம்தான்," என்றார். அதைச் சொல்வது அவ்வளவு எளிதாக இருந்ததில் அவருக்கே ஆச்சரியம். கேட்டது ஒரே ஒருத்தி என்பதால் இருக்கலாம்.

அவள் குழாயை மூடினாள். "அப்பம் அதை ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாலயும் சொல்லிருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். எங்க வீட்டு அவிய மக்கணும் சார்."

ஈரக் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் தொடர்ந்தாள்.

"அவிய செத்த அன்னைக்கி நான் அழுதேன், பொய் சொல்லல. அடக்கம் முடிஞ்ச பொறவு கபிரியேல் அண்ணன்ட்ட கேட்டேன், மண்ணுக்குள்ள எது எது எப்பம் போகும்னு. முதல்ல வயிறு, அப்புறம் முகம், கை கடைசியிலன்னு சொன்னாவ. ஒவ்வொரு மாசமும் மனசுக்குள்ள கணக்கு வச்சிருந்தேன். இந்நேரம் கை போயிருக்கும்னு தோணின அன்னைக்கி ரெண்டு தட்டு சோறு தின்னேன். சத்தமா சிரிச்சேன், அடுத்த வீட்டுல என்னட்டி சிரிப்புன்னு கேட்டாவ." அவள் கோணல் மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். "இப்பம் அந்தக் கைய முத்தி செய்யுதாவ. வாசனத் தண்ணி தெளிக்காவ. நான் பக்கத்துல உக்காந்து பாக்கணுமாம். அவியளப் பத்தி நல்லதா நாலு வார்த்த சாட்சி சொல்லணுமாம். ஊருக்கே தெரியும் சார், எல்லாவனுக்கும் காது இருக்கு. எங்க வீட்டுல சத்தம் கேட்டா டிவியக் கூட்டி வச்சவுகதான் இன்னைக்கி வரிசையில நிக்காவ. அவிய புனிதர்னா, இந்த சனம் கேட்டது சத்தமே இல்லன்னு ஆயிரும்லா?"

"சொல்லிடறேம்மா," என்றார் சிவசைலம்.

சொல்லிவிடுவதாகத்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கி முன்னால் போய் நின்று, பெஞ்சுகளிலும் தரையிலும் வாசலுக்கு வெளியிலும் நிறைந்திருந்த முகங்களைப் பார்த்ததும், முப்பது வருடக் கூட்டங்களில் பேசிப் பழகிய அந்தக் குரல் அவருடைய அனுமதியைக் கேட்காமலே தொண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இந்த நிகழ்வுக்கும் குறிப்பிட்ட அந்த நுண்ணுயிருக்கும் இடையே ஒரு தொடர்பு இருப்பதற்கான சாத்தியத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது என்றார். அதே சமயம் தற்போது கைவசம் உள்ள தரவுகளைக் கொண்டு அதை உறுதிப்படுத்தவும் இயலாது என்றார். மேலும் விரிவான, நீண்டகால ஆய்வு தேவை என்றார். பேசப் பேச அவர் காதில் அது சரியாகவே விழுந்தது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஒவ்வொரு சொல்லும் அளந்து வைத்தது, குழுவில் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

அவர் முடித்ததும் முன்வரிசையிலிருந்த ஒரு கிழவர் எழுந்தார். "அப்பம் இது என்னன்னு உங்களுக்கே தெரியலன்னு சொல்லுதிய, அப்படித்தான?"

"அப்படியில்ல. உறுதியா சொல்றதுக்கு..."

"உறுதியா சொல்ல முடியாதுல்லா?"

"இப்போதைக்கு முடியாது."

கிழவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவராலேயே சொல்ல முடியவில்லை. கைதட்டல் முதலில் வெளியிலிருந்து வந்தது, பிறகு உள்ளே வந்தது. உபதேசியார் கண்களைத் துடைத்துக்கொண்டு, அறிவியலும் கைவிரித்த புதுமைக்காக நன்றிப் பாடல் ஒன்றைத் தொடங்கினார். அமலோற்பவம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் சிவசைலத்துக்கு அதைத் தாங்க முடிந்திருக்கும். அவள் ஏமாறாதவளைப் போல இருந்தாள். யாரோ ஒருவர் வாக்குக் கொடுத்துவிட்டுப் போவது அவள் வாழ்க்கையில் இது முதல் முறை இல்லை என்று அந்த முகம் சொன்னது.

அந்த வாரம் முழுக்க அவர் பக்கத்து டவுன் லாட்ஜில் கிடந்தார். கீழேயிருந்த ஹோட்டலில் காலையில் இட்லி இல்லை. மாவு பொங்கவில்லை, நாலைந்து நாளாக இப்படித்தான், உப்புமா சாப்பிடுங்கள் என்றார்கள். அவர் உப்புமாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எந்தப் பேச்சு இதை மண்ணுக்குள் விட்டதோ அதே பேச்சு ஒரு முரடனைப் பீடத்தில் ஏற்றிவிட்டது. நான் பொய் சொல்லவில்லையே என்று அவருக்குள் ஒருவன் வாதாடினான். நீ எப்போது சொன்னாய் பொய், நீ எதையும் சொன்னதே இல்லையே என்று இன்னொருவன் கேட்டான். கேட்டவன் சொன்னதுதான் சரி. எதையாவது முழுசாகச் சொன்ன ஞாபகம் அவருக்கு வரவில்லை, மனைவியிடம்கூட.

அடுத்த ஞாயிறு அவரை யாரும் அழைக்கவில்லை. அவராகவே போனார். கண்ணாடிப் பேழை வந்து, பக்கவாட்டு அறையில் இன்னாசி அதற்குள் கிடந்தார். அமலோற்பவத்துக்கு வெள்ளைச் சேலை கட்டிவிட்டு, அவள் சாட்சி சொல்வதற்காக ஒலிபெருக்கியைத் தாழ்த்திக்கொண்டிருந்தார்கள். சிவசைலம் நடுவழியாக நடந்து போய் அதைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"இது புதுமை இல்ல," என்றார். "இன்னாசி புனிதரும் இல்ல. ஒரு கிருமி. அதை உங்க ஊர் மண்ணுல விடலாம்னு எழுதிக் கொடுத்தது நான். தப்பு நடக்குதுன்னு அன்னைக்கே என் கண்ணால பார்த்தேன். வாழைத்தண்டு மக்காம கிடந்தது. பார்த்துட்டுப் பேசாம சாப்பிடப் போயிட்டேன். உங்க மாவு பொங்காததுக்கு, உங்க பால் உறையாததுக்கு, உங்க வீட்டுச் செத்தவங்க மண்ணாப் போகாததுக்கு நான்தான் காரணம். இந்தக் கையாலதான் கையெழுத்துப் போட்டேன்."

வலது கையைத் தூக்கிக் காட்டினார். கூட்டம் அசையாமல் இருந்தது. அடிக்க வருவார்கள் என்று எதிர்பார்த்தார். கொஞ்சம் ஆசைப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம். முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் கண்கள் அவர் முகத்தில் இல்லை, கையில் இருந்தன.

நோஞ்சான் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி எழுந்து வந்தாள். "அப்பம் இந்தக் கைதானா சார்?" என்று கேட்டாள்.

"எந்தக் கை?"

"சாவு நம்மளத் தொடாம தடுத்த கை."

"அம்மா, நான் சொன்னது அது இல்ல. இது தப்பு. நான் செஞ்சது தப்பு."

"பெரியவங்க அப்படித்தான் தாழ்மையா சொல்லுவாவ," என்றார் போன வாரத்துக் கிழவர், பின்னாலிருந்து, தெளிவாக. "கடவுள் யார் கையால செய்வாருன்னு யாரு கண்டா. இன்னாசிக்கே அந்த அழியாத உடம்பக் குடுத்தது இவிய கைல்லா."

அவள் குழந்தையின் தலையைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கைக்குக் கீழே வைத்தாள். சூடான, எண்ணெய் தடவிய சின்னத் தலை. கையை இழுத்துக்கொண்டால் குழந்தை மிரளும் போல இருந்தது, அதனால் அவர் இழுக்கவில்லை, அந்த ஒரு தயக்கத்தில் காரியம் முடிந்துபோயிற்று. பேழைக்கு முன்னால் நின்ற வரிசை அப்படியே திரும்பி அவர் முன்னால் நின்றது. யாரோ மாலை போட்டார்கள், யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள், அவர் உட்கார மறுத்ததை இன்னும் பெரிய தாழ்மையாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தலைக்கும் அவர், "நான் தப்புப் பண்ணினவன், போங்க," என்றார். அவர்கள், "ஆமென்," என்றார்கள். ஒரு மனிதன் தன் வெட்கத்தை அவிழ்த்து நடுக்கோவிலில் வைத்தால் அதையும் பூப்போட்டு மூடிவிடுகிற ஊர் அது. எதையும் அழுக விடாத இந்த ஊரை உண்டாக்கியதும் தானே அல்லவா என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. ஓடிவிடலாம் என்று பக்கத்து வாசலைப் பார்த்தார்.

அப்போது வரிசையில் அமலோற்பவம் வந்து நின்றாள். வெள்ளைச் சேலையோடு மண்டியிட்டு, மற்றவர்களைப் போலவே அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குனிந்தாள். குனிந்தபடி சன்னமாகப் பேசினாள்.

"அழாதிய. எல்லாரும் பாக்காவ. தலையில கைய வைங்க."

வைத்தார்.

"கபிரியேல் அண்ணன் பின்வாசல்ல வண்டி கொண்டாந்திருக்காவ. தேரிக்காட்டுல விறகு அடுக்கியாச்சு, காஞ்ச பனமட்டையும் கெடக்கு. தீக்கு உங்க கிருமியும் தெரியாது, புனிதரும் தெரியாது. இன்னைக்கிதான் பேழைகிட்ட ஒரு ஆள் இல்ல. இவ்வள பேரையும் நீங்க இங்கனயே பிடிச்சு வைக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மனுசன் சாம்பலாக எவ்வளவு நேரம் ஆகும்னு நீங்கதான படிச்சவிய."

"நான் இவங்களை ஏமாத்தணும்னு சொல்றீங்க."

"உங்க பேச்சால ஒண்ணும் ஆகல சார். சும்மா நின்னாப் போதும்."

அவள் எழுந்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கூட்டத்துக்குள் நடந்து காணாமல் போனாள்.

சிவசைலம் நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். மாலையைச் சரிசெய்துகொண்டார். அவசரப்பட்டு ஒவ்வொருவரையும் அனுப்பிக்கொண்டிருந்தவர், இப்போது ஒவ்வொரு தலையிலும் கையை வைத்து நிறுத்தி, பெயர் கேட்டார், என்ன குறை என்று கேட்டார், பிள்ளைகள் எத்தனை, யார் யார் எங்கே என்று கேட்டார். மந்திரம் எதுவும் தெரியாது, இவர்களுடைய செபமும் தெரியாது. எதையாவது முணுமுணுக்க வேண்டும் என்பதால் அவருக்கு மனப்பாடமாயிருந்த ஒன்றே ஒன்றை, அந்த அறிக்கையை, கண்ணை மூடிக்கொண்டு இழுத்து இழுத்துச் சொன்னார். மண்புழுவுக்குத் தீங்கில்லை, தேனீக்குத் தீங்கில்லை, நன்னீர் மீனுக்குத் தீங்கில்லை, காடைக்குத் தீங்கில்லை, கறவைப் பசுவுக்குத் தீங்கில்லை. அந்தச் சொற்கள் அதுவரை அவ்வளவு அழகாக ஒலித்ததில்லை. பெண்கள் விசும்பினார்கள். போனவர்கள் திரும்ப வந்து வரிசையின் கடைசியில் நின்றார்கள். ஒவ்வொரு ஆமெனும் அவர் பிடரியில் விழுந்தது, அவர் தலை குனிந்துகொண்டே போயிற்று, குனியக் குனிய ஜனங்களுக்குப் பக்தி கூடியது.

வெயில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாகச் செம்மணல் மேடான தேரிக்காட்டுப் பக்கம் புகை எழும்புவது அவருக்குத் தெரிந்தது. முதலில் பனமட்டையின் வெள்ளைப் புகை. அப்புறம் கறுப்பாக, கனமாக, காற்றில் சாய்ந்து கோவிலை நோக்கி வந்தது. வாடை உள்ளே நுழைந்தபோது வரிசையில் நின்றவர்கள் மூக்கைத் தூக்கினார்கள். கெட்ட வாடை என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்த ஊர். அது என்ன என்று யாருக்கும் சட்டென்று பிடிபடவில்லை. சிலர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உபதேசியார் லாரன்ஸ் மட்டும் முகம் வெளிறி, பக்கவாட்டு அறையை நோக்கி நடந்தார்.

சிவசைலம் எழுந்து போய் அவர் தோளைப் பிடித்தார். "உபதேசியாரே, நீங்க இன்னும் வரலையே."

"சார், அந்த அறையில..."

"முதல்ல முழங்கால் போடுங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உபதேசியார் வாசலையும் ஜனங்களையும் பார்த்துவிட்டு, கால் மடங்கி அப்படியே தரையில் இறங்கினார். சிவசைலம் அவருடைய நரைத்த தலையில் கையை வைத்து அழுத்தினார். எதையோ சொல்லத் தொடங்கினார், அதற்குள் கீழேயிருந்து குரல் வந்தது, அந்த மிருதுவான குரல் இப்போது துணி கிழிவது போல இருந்தது.

"எரிக்காளா சார்? அவளா எரிக்கா?"

சிவசைலம் கையை இன்னும் அழுத்தினார்.

"எரிக்கட்டும்," என்றார் உபதேசியார். "அடுத்த வீடு நான்தான் சார். நடுவுல ஒத்தச் சுவரு. அவ கை ஒடிஞ்ச அன்னைக்கி சத்தம் எனக்குக் கேட்டுது. அவ அழுத சத்தம் இல்ல. எலும்பு ஒடிஞ்ச சத்தம். எந்திரிச்சேன், வாசல் வரைக்கும் போனேன், பொறவு வந்து உக்காந்து செபமால சொன்னேன். அவன் அழியாமக் கெடந்தத பாத்தப்பம் நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுமா. மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார், உங்க கையால."

மன்னிக்கச் சிவசைலத்துக்கு என்ன உரிமை? சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அவர் இருந்ததில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் வாசல் வரைக்கும் போய்த் திரும்புவது எப்படி இருக்கும் என்பது மட்டும்தான். அதைச் சொல்ல வாயெடுத்தார், ஜனங்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், புகை இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது, இன்னாசி எரிந்து முடியவில்லை. அவர் எதுவும் சொல்லாமல், அந்தத் தலையின் நடுக்கம் தோள் வரைக்கும் ஏற ஏற, கையை எடுக்காமல் நின்றார். புகை வெளுக்கிற வரைக்கும் நின்றார்.